பெயின்ட் கலக்கும் குச்சி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, எங்கள் கான்சாஸ் சேற்றை ஒரு குச்சி ஜெயித்த கதை சொல்கிறேன்.

விடிந்தால் மண்ணும் சரளையுமான சாலையில் நூறு மைல் சைக்கிள் பந்தயம். போன வருடம் சக்கரத்தில் சேறு அடைத்து, சைக்கிளைத் தோளில் சுமந்தபடி பாதியில் திரும்பியவள் வெர்லீன். இந்த முறை முடித்தே ஆகவேண்டும். சரளைக்கும் தாருக்கும் பொருந்தும் புது சைக்கிள் வாங்கியாயிற்று, மூன்று அளவு டயரில் எது என்பதுதான் முடிவாகவில்லை. மெல்லியதைக் கூர்க்கல் கிழிக்கும், தடித்ததில் சேறு அடைக்கும். காலையிலிருந்து மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டாள். வெளியே தூறல் வேறு.

"செத்த உக்காரேன்டி, உன்னைப் பாத்து நாய்க்கே தலை சுத்துது," என்றான் கணவன் டுவைட்.

"நீயா ஓட்டப்போற? சும்மா இரு."

சேறு சுரண்ட இங்கே எல்லோரும் பையில் வைத்திருக்கும் பெயின்ட் கலக்கும் குச்சியை அவன் எடுத்து, தடித்த டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினான். சிக்கிக்கொண்டது.

"குச்சியே போகல, சேறு எங்கடி போகும்?"

வெர்லீன் நடுத்தர டயரை மாட்டினாள். குச்சி வழுக்கிக்கொண்டு போனது.

மறுநாள் பொழுது சாயுமுன் பல்லெல்லாம் சேறாகச் சிரித்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டினாள்.

உங்கள் வீட்டுச் சக்கரங்களும் எங்கேயும் அடைபடாமல் உருளட்டும், கண்ணுகளா.