பூநாரைகளுக்கு இட்ட உத்தரவு

பூபதி என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, பூமியில் அவனுக்கு ஒரு முழம்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஏரித் தண்ணீரில் ஒரு படகு, பெரிய வலையில் ஒரு பங்கு, பழவேற்காட்டுச் சந்தையில் மீன் விற்கும் இருசம்மாள் என்றொரு மனைவி. அப்படிப்பட்டவனை ஒல்லாந்தர்கள் தங்கள் கோட்டைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கைதியாக அல்ல, ஐம்பது ஆட்களுக்குத் தலைவனாக. அந்தப் பதவிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குப்பத்தார் வாயில் நுழையவில்லை. சர்தார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் மடவை மீன். ஒரு நாள் காலை கொத்தளத்தில் நின்று தூரக்கண்ணாடியில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த கோட்டைத் தலைவர் கப்பித்தான், மடவை வளைப்பதைப் பார்த்துவிட்டார். முப்பது படகுகள் பிறைபோல வளைந்து, பிறை வட்டமாகி, ஒரு சத்தமும் இல்லாமல் வாய் மூடிக்கொண்டது. நடுப்படகில் நின்றவன் கையை ஒரு தரம் தூக்கி இறக்கினான், அவ்வளவுதான். இந்த மாதிரிக் காரியத்துக்கு அவருடைய ஊரில் பல வருடப் பயிற்சியும் ஏராளமான வசவும் தேவைப்படும் போலிருக்கிறது. யார் அவன் என்று கேட்டனுப்பினார்.

துபாஷி மாசிலாமணி குப்பத்துக்கே வந்து விவரம் சொன்னார். அமாவாசை கழிந்த மறுநாள் கோட்டை வாசலில் வந்து நிற்க வேண்டும். பயிற்சியில் தேறினால் இடுப்பில் வாள், முகத்துவாரத்துக் காவல் படகுகள் முழுக்க அவன் பொறுப்பு. ஆனால் பயிற்சிக்குள் நுழையவே ஒரு சோதனை உண்டு. மைதானத்தின் ஒரு கோடியில் நின்று, மறு கோடியில் போய்க்கொண்டிருக்கும் ஆட்களை ‘நில்’ என்று சொல்லி நிறுத்த வேண்டும். தமிழிலேயே சொல்லலாம், அதில் கப்பித்தானுக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே முரசு அடித்துக்கொண்டிருக்கும். குரல் எட்டாவிட்டால் அப்படியே திரும்பிப் போய்விடலாம். ஒல்லாந்தர் யாரையும் வற்புறுத்துவதில்லை என்று மாசிலாமணி பெருமையாகச் சொன்னார்.

பூபதிக்கு அங்கேதான் சிக்கல். அந்தக் குப்பத்து ஆண்களுக்குக் குரலே கிடையாது. மடவை காதுள்ள மீன். படகில் ஒருவன் தும்மினால் போதும், வலைக்கு மேலே துள்ளிக் குதித்து அடுத்த குப்பத்துக்காரன் வலையில் போய் விழும். அதனால் தண்ணீரில் பேசக் கூடாது என்பது ஊர்க் கட்டு. சின்ன வயதிலிருந்து பேசாமல் பேசாமல், கரைக்கு வந்த பிறகும் அவர்களுடைய பேச்சு முணுமுணுப்புக்கு மேல் ஏறாது. ஊருக்குத் தேவையான சத்தத்தையெல்லாம் சந்தைக்குப் போகும் பெண்கள் போட்டார்கள். இருசம்மாள் சந்தையில் ‘மடவை’ என்றால் கோட்டைக்குள் இருக்கும் சமையல்காரன் கூடையோடு வெளியே வருவான்.

ஆகவே பூபதியின் படைப்பயிற்சி மீன் சந்தையில் தொடங்கியது. கூடைக்குப் பின்னால் அவனை நிறுத்தி வைத்து, கூவச் சொன்னாள் இருசம்மாள்.

“தொண்டையில இருந்து எடுக்காதய்யா. வயித்துல இருந்து எடு. குழந்த பெத்தவ எப்பிடிக் கூவுவா, அந்த மாதிரி.”

“நான் எங்கமே போயி பெத்துட்டு வர்றது?”

“அப்ப பசிச்சவன் மாதிரி கூவு.”

அவன் கூவினான். இரண்டு கூடைக்கு அப்பால் இருந்த நாகம்மாள் யாரோ பெருமூச்சு விடுவதாக நினைத்தாள். ஆனால் ‘மடவை’ என்று அவன் ரகசியம்போலச் சொன்னதைக் கேட்டவர்கள், இதில் ஏதோ சல்லிசான விஷயம் இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொருவராகக் காதைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெயில் ஏறுமுன் கூடை காலி. வியாபாரம் என்ற வகையில் அது மகத்தான வெற்றி. பயிற்சி என்ற வகையில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாகம்மாள் மட்டும், சர்தார் ஆனதும் எதிரியின் காதில் போய்த்தான் உத்தரவு சொல்வாயா என்று விசாரித்தாள்.

இனிச் சந்தை உதவாது, ஆள் இல்லாத இடம் வேண்டும் என்று இருசம்மாள் முடிவு செய்தாள். ஆள் இல்லாத இடத்தை யோசிக்கச் சொன்னால் மீன்காரன் மீன் இல்லாத இடத்தைத்தான் யோசிப்பான். தை மாதத்தில் ஏரியின் மேற்குப் பக்கம் தண்ணீர் வற்றி முழங்காலளவுகூட இருக்காது. அங்கே வலை போட முடியாது, மடவை வராது, கத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. பூபதி எல்லாவற்றையும் யோசித்துத்தான் அந்த இடத்தைச் சொன்னான். மீனைத் தவிர மற்ற பிராணிகளை யோசிக்கும் பழக்கம் அவன் வம்சத்திலேயே இல்லை.

விடிந்து சற்று நேரத்தில் இரண்டு பேரும் படகைச் சேற்றில் ஏற்றிவிட்டு இறங்கினார்கள். தூரத்தில் கிளிஞ்சல் பொறுக்கும் சில பெண்கள் குனிந்தபடி நின்றார்கள். அவர்களுக்கும் அப்பால் ஒரு கரை தெரிந்தது. அது வெளுப்பாகவும் கொஞ்சம் சிவப்பாகவும் இருந்தது. அங்கே கரை கிடையாதே என்று பூபதிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முதுகெலும்பை நிமிர்த்தி, வயிற்றை இறுக்கி, இத்தனை வருடம் பேசாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி வாயைத் திறந்தான்.

“நில்!”

அந்தக் கரை எழுந்தது.

ஆயிரம் என்று சொன்னால் குறைவு. பூநாரைகள் ஒரே நேரத்தில் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடின, ஓடியபடியே எழும்பின, எழும்பி இறக்கையை விரித்தபோது உள்ளே மறைத்து வைத்திருந்த சிவப்பெல்லாம் வெளியே வந்தது. ஏரிக்கு மேல் இன்னொரு ஏரி தொங்குவது மாதிரி இருந்தது. அதன் நிழல் அவர்கள் மேல் போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. கிளிஞ்சல் பொறுக்கியவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பூபதி வாயை மூட மறந்து நின்றான். தன் உடம்புக்குள்ளிருந்து வந்த ஒரு சொல் இத்தனையையும் தூக்கிவிட்டதா என்று அவனுக்குப் பயமாகவும் இருந்தது, இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குள் கோட்டையில் முரசு கேட்டது.

அந்தக் காலத்தில் மேற்கே ராஜாக்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ராஜாவும் வந்ததும் குதிரைகளை ஏரியின் ஆழமில்லாத பக்கம் இறக்கிப் பார்ப்பது வழக்கம். குதிரை இறங்கினால் முதலில் எழுவது பூநாரை. ஆகவே கொத்தளத்துக் காவலாளிக்கு மேற்கே பறவை எழுந்தால் முரசு, பிறகு கதவு, பிறகு பீரங்கி என்று சொல்லி வைத்திருந்தார்கள். பூபதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டை மாறியது. வெறும் செங்கல் மதிலாக இருந்தது, ஒரு மூச்சுக்குள் மதில் நெடுகத் தலை முளைத்து, தலைக்கு ஒரு துப்பாக்கி முளைத்து நின்றது. பீரங்கி வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே திரும்பின. முப்பது படகை வளைத்தவனுக்கு, அத்தனை பேரை ஒன்றாகத் திருப்புவது என்ன வேலை என்று தெரியும். தெரிந்ததால் அவன் கண்ணை எடுக்கவில்லை.

இருசம்மாள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“யோவ், பேசாம வா. யார் கத்துனான்னு எவனுக்குத் தெரியும்? நீ போயி சொன்னன்னு வையி, சர்தாரும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அவன் சுட்டா இங்க வந்துதாமே விழும். கிளிஞ்சக்காரங்க உக்காந்திருக்காங்க பாரு.”

அவள் பார்த்தாள். பிறகு படகைச் சேற்றிலிருந்து தள்ளி, இரண்டாவது கழியை எடுத்துக்கொண்டாள். பூபதி தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கழி நுனியில் கட்டி உயர்த்தியபடி, சுடாதே என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனான். குரல் பாதி வழியில் கிழிந்துபோயிற்று.

கோட்டைக் கதவில் ஒரு சின்னக் கதவு திறந்தது. அமாவாசைக்கு முன்பே, அழைக்காமல், சேறு பூசிய காலோடு பூபதி கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தான். கப்பித்தான் மதில் படிக்கட்டில் நின்றிருந்தார். உயரமான மனிதர்; கோபத்தில் முகம் பூநாரை நிறத்துக்கு வந்திருந்தது. குதிரை எத்தனை என்று துபாஷி மூலம் கேட்டார். குதிரை இல்லை, நான்தான் என்றான் பூபதி. என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னான். மாசிலாமணி அதைத் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார், குற்றம் தன்னுடையது என்பதுபோல.

கப்பித்தான் பூபதியின் சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“இன்னா உத்தரவு போட்டேன்னு கேக்குறாரு” என்றார் மாசிலாமணி.

“நில்லுன்னு சொன்னேங்க.”

“நின்னுதா?”

“இல்லீங்க. எல்லாம் எழுந்து போயிடுச்சு.”

மாசிலாமணி அதை மொழிபெயர்த்தபோது மதில்மேல் இருந்த ஒரு துப்பாக்கி குலுங்கியது. கப்பித்தான் சிரிக்கவில்லை. மேலே பார்த்துக் காவலாளியிடம் என்னவோ விசாரித்தார். பறவை எழுவதற்கு முன்னால் ஒரு சத்தம் தன் காதில் விழுந்ததாகவும், அது என்ன பாஷை என்று தெரியவில்லை என்றும் காவலாளி சொன்னான். கப்பித்தான் ஏரியின் மேற்கு ஓரத்தையும் கொத்தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்போல இருந்தது.

“குரல் இருக்குங்கிறாரு” என்றார் மாசிலாமணி, தாமே நம்பாதவராக. “அதுக்குக் கட்டுப்படத்தான் ஆள் இல்லியாம். ஆள இங்க குடுப்பாங்களாம். வாசல் சோதன உனக்கு வேணாம். சொன்ன நாளுக்கு வந்து நில்லு.”

பூபதி கைகூப்பிக் கும்பிட்டான். அந்த நேரத்தில் கப்பித்தான் மதிலின் பக்கம் லேசாகத் திரும்பி ஒரு சொல் சொன்னார். உரக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் மாசிலாமணி தொண்டையைச் செருமியது அதைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆனால் மதில் நெடுகத் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் தோளுக்கு ஏறின, பீரங்கி வாய்கள் பழைய இடத்துக்குத் திரும்பின, வரிசை வரிசையாக ஆட்கள் இறங்கி அவனைக் கடந்து போனார்கள். கடைசி ஆளின் காலடி ஓயும்வரை பூபதி அங்கேயே நின்றான். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே இருசம்மாள் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாய்யா சொன்னான்? தொரத்திட்டானா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்து, தலையசைப்பைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டாள். பிறகு சந்தைப் பக்கம் திரும்பி, தன் வயிற்றிலிருந்து குரலை எடுத்து, அவன் தொண்டைக்குக் கொஞ்சம் மிளகும் திப்பிலியும் சீக்கிரம் எடுத்து வரும்படி நாகம்மாளுக்கு உத்தரவிட்டாள். நாகம்மாள் மட்டுமல்ல, பக்கத்துக் கூடைக்காரிகள் மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.