கயிற்றின் மறுமுனை

சவப்பெட்டியில் கிடந்த கணவனின் காதோரத்துச் சேற்றை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது. துணியை அவன் மார்பிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மார்பு என்று சொல்ல அங்கே என்ன மிச்சமிருந்தது? நேற்றுக் காலை விழுந்த ஒரே உதை விலா எலும்புகளை உள்ளே தள்ளிவிட்டிருந்தது.

பட்டியில் புழுதி பறந்தது. காட்டுக்குதிரைகள் பலகைவேலியில் மோதிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடின. கொழுந்தன் வேலிமேல் துப்பாக்கியை ஊன்றி மறுபடி குறிபார்த்துக்கொண்டிருந்தான். குறி, செவலைப் பெண்குதிரைக்கு. முன்காலில் பாதி சுற்றிய கட்டுத்துணி அவிழ்ந்து மண்ணில் இழுபட, அது நொண்டிக்கொண்டே ஓடியது.

"தள்ளிக்கோங்க அண்ணி! அண்ணனக் கொன்னது இது!"

கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் அதைக் கீழே வைக்கவில்லை. தானே தோளில் அணைத்துக் குறிபார்த்தாள்.

ஊருக்குள் அவள் கணவனுக்குக் கிறுக்கன் என்று பெயர். பயிரை மேய்கின்றன என்று எல்லோரும் சுட்டுத் தள்ளும் குதிரைகளை வளைத்துப் பிடித்து, புழு வைத்த காயங்களைக் கழுவி, மலைக்கு அப்பால் இருக்கிற சரணாலயத்துக்கு அனுப்பிவந்தான். சொந்தப் பல்வலிக்கு வைத்தியரிடம் போகாத மகராசன், எந்தக் குதிரையின் பல்லையும் பார்க்காமல் விட்டதில்லை. செவலையின் காலில் முள்கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. அதற்குக் கட்டுப்போடும்போதுதான் உதை வாங்கிப் போய்விட்டான்.

குதிரைகளை ஏற்றிப்போக வந்த லாரிக்காரர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"மத்ததெல்லாம் ஏத்திடலாம்மா. இத விட்டுடுங்க. திறந்த காயத்தோட போனா சரணாலய வாசல்லயே திருப்பிடுவாங்க. இங்க இருந்தாலும் எவனாவது சுடத்தான் போறான். நீங்களே முடிச்சிடுங்க."

முடிக்கத்தான் அவளுக்கும் ஆசை. செவலை வேலி மூலையில் நின்று மூச்சிரைத்தது. அதன் கழுத்தில் நேற்றைய கயிறு அப்படியே தொங்கியது. விசையில் இருந்த விரல் அங்கேயே நின்றது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டுவார், இன்னொருவர் நடுக்கம்பத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். கயிறு எப்போதும் அவளுடையது. நேற்று மட்டும் மருந்து வாங்க அவள் போய்விட்டதால் கொழுந்தன் பிடித்தான். அவளுடைய உள்ளங்கைகளில் பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. பிடித்தவரின் தோலை உரிக்காமல் ஒரு காட்டுக்குதிரையும் திமிறிக்கொண்டு போனதில்லை.

"கையக் காட்டு."

"எதுக்கு அண்ணி?"

"காட்டுடா."

விரித்தான். ஒரு கீறல்கூட இல்லை.

லாரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். கொழுந்தன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"அது முன்னங்காலத் தூக்குச்சு... பயந்துட்டேன் அண்ணி. விட்டுட்டேன்."

துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தாள். அவன் தடுக்கவில்லை. கீழே விழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, மறுபடி இடிப்பாள் என்று காத்திருந்தான்.

"அதச் சுட்டுட்டா, நீ விட்டது இல்லன்னு ஆயிடுமா?" தோட்டாவை உருவி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். "எந்திரி. கயித்தப் புடி."

கம்பத்தைச் சுற்றிக் கயிறு இறுகியதும் செவலை வெறிகொண்டு பின்னுக்கு இழுத்தது. கம்பம் முனகியது. கயிறு அவன் கைகளுக்குள் ஒரு முழம் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அவன் அலறினான். ஆனால் விடவில்லை. குளம்பு ஒன்று அவள் காதை உரசிக்கொண்டு போய்ப் பலகையைப் பிளந்தது. அவள் அதன் தோளோடு தோளை அழுத்தி உட்கார்ந்து, சீழைப் பிதுக்கிக் கழுவி, மருந்தை ஊற்றினாள்.

"நாசமாப் போறவளே, நில்லுடி! எம் புருஷனத் தின்னுட்டு நீ மட்டும் நல்லா இருக்கணும். இருந்துதான் தொலைக்கணும்." பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். கண்ணீர் கட்டுத்துணியில் விழுந்தது, அதையும் சேர்த்துச் சுற்றினாள். கடைசி முடிச்சைக் கணவன் போடுகிற மாதிரியே வெளிப்பக்கமாகப் போட்டாள்.

"இப்ப இதையும் ஏத்திடலாம்மா," என்றார் லாரிக்காரர். மிச்சக் கட்டுத்துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். கணவனின் காதோரத்தில் சேறு காய்ந்திருந்தது. அதைத் துடைத்து முடித்தாள்.

லாரி கிளம்பிய பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டுப் பிடியைக் கொழுந்தன் எடுத்தான். "இந்தக் கையோடயா? வேற யாராவது புடிக்கட்டுமே," என்றார் பெட்டி செய்த தச்சர். அவன் பிடியை இறுக்கினான். அவளைப் பார்த்தான். அவள் பெட்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

இடுகாடுவரை அவன் கை மாற்றவே இல்லை. பெட்டியை இறக்கி வைத்தபோது பித்தளைப் பிடி சிவந்து பிசுபிசுத்தது. எல்லோரும் மண் போட்டார்கள். அவனும் குனிந்து ஒரு பிடி அள்ளினான், அது அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பைக்குள் இருந்த கட்டுத்துணியை அவள் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியே எடுக்கவில்லை.