முந்நூற்றைம்பது டிகிரி

சுகப்பிரியாவின் கையில்தான் கோளாறு என்று லைன் மொத்தமும் முடிவு கட்டிவிட்டது. கார்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரகடத்துக் கம்பெனியில், போர்டில் ஒயரைப் பற்றவைப்பது அவள் வேலை. ஈயம் உருகி, மினுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் ஆயுத பூஜை லீவு முடிந்து வந்ததிலிருந்து அவள் வைத்த பற்றெல்லாம் மங்கலாகச் சொரசொரவென்று நின்றது. திங்களன்று பதினெட்டு போர்டு ரிஜெக்ட். செவ்வாய் இருபத்தாறு. புதன் நாற்பத்தொன்று.

"இன்னும் ரெண்டு நாள்தாம்மா. சனிக்கிழமை பெர்மனன்ட் லிஸ்ட் போவுது. இதே மாதிரி வெச்சன்னா உன் பேரு இருக்காது. தென்றலப் பாத்தல்ல?" என்றார் சூப்பர்வைசர் ஸ்ரீதர்.

தென்றலைப் பார்க்காமல் எப்படி? பிள்ளைப்பாக்கத்துப் பெண். இதே ஏழாம் நம்பர் சீட்டில் இரண்டாம் ஷிப்ட் உட்கார்ந்தவள். அவளுக்கும் ரிஜெக்ட் குவிந்ததும், கை சரியில்லை என்று புதன்கிழமை பகல் ஷிப்ட் பேக்கிங்குக்கு, அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெண்கள், ஒரே சீட், ஒரே கோளாறு. மெஷினைத்தான் பார்ப்போமே என்று அந்தப் பெரிய மனுஷர்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா? ம்ஹூம். பற்றவைக்கும் கம்பிக்குச் சூடு கொடுக்கிற சால்டரிங் பெட்டி முந்நூற்றைம்பது டிகிரி என்று பச்சை எழுத்தில் காட்டுகிறதே, அப்புறம் என்ன!

கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் அவள் அப்பா பேச்சிராஜ், மகள் பெர்மனன்ட் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை டீ டயத்தில் மெயின்டனன்ஸ் சசிரேகாவைப் பிடித்தாள். தினமும் காலையில் ஒவ்வொரு சீட்டிலும் மீட்டர் வைத்துச் சூட்டை அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் சசிரேகாதான்.

"அக்கா, ஒரே ஒருதடவ ஏழாம் நம்பரப் பாத்துருங்கக்கா. என் கைதான்னா நான் பேசாம ஊருக்கு பஸ் ஏறிருதேன்."

"இன்னாத்துக்கு இப்போ அழுவுற? வா, பாப்போம்." சசிரேகா டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தாள்.

பெட்டி முந்நூற்றைம்பது காட்டியது. சசிரேகா மீட்டரைப் பற்றவைக்கும் கம்பியின் முனையில் வைத்தாள். இருநூற்று அறுபத்தொன்று. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இருநூற்று அறுபது.

"அட இன்னாடி இது! பெட்டி ஒண்ணு சொல்லுது, முனை ஒண்ணு சொல்லுது!"

பக்கத்து ஆறாம் நம்பரின் கைப்பிடியைக் கழற்றி இந்தப் பெட்டியில் சொருகினாள். முனை சரியாகச் சூடேறியது. அப்படியானால் பெட்டியில் குற்றமில்லை, இந்தக் கைப்பிடிக்குள்தான் ஏதோ இருக்கிறது. அதை ஆறவிட்டு, நட்டைத் திருகினாள். முனை கழலாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஹீட்டர் பீங்கான் குச்சி. அவசரப்பட்டு இழுத்தால் மளுக்கென்று போய்விடும். பிள்ளைக்குக் காதுத் தோட்டைக் கழற்றுகிற மாதிரி மெதுவாகத் திருகித் திருகி எடுத்தாள்.

வெள்ளையாக இருக்க வேண்டிய குச்சியில், கருத்த மஞ்சளாக என்னவோ தடித்துக் காய்ந்துபோயிருந்தது. சசிரேகா நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"சந்தன வாசன வருதுடி!"

சுகப்பிரியாவுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. அடப் பாவி, நானேதானா!

கம்பெனியில் பூஜை போட்டபோது மற்றவர்கள் பெட்டி மேல் பொட்டு வைத்துவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டார்கள். இவள் அப்படி விடுவாளா? அப்பா மோட்டாரைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா! நட்டைத் திருகி, முனையை உருவி, உள்ளே இருந்த குச்சியைத் துடைத்து, மூன்று விரலால் சந்தனத்தைக் கெட்டியாக இழுத்து, நடுவே குங்குமமும் வைத்து மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை சூடேறியதும் சீட்டெல்லாம் சந்தனம் மணந்தது. 'கோயில்ல குந்திக்கினு கீற மாதிரி கீது' என்று பக்கத்து சீட்டில் கிண்டல் செய்தார்கள். இவளுக்குப் பெருமை வேறு!

"நாந்தாங்க்கா வச்சேன். அப்பா செய்யுத மாதிரி..." என்றாள் சுகப்பிரியா.

சசிரேகா முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "குச்சிக்குள்ளதான் சூட்ட பாக்குற சென்சார் கீது. குச்சி நல்லா சுடுது, அத்தப் பாத்துட்டு பெட்டி முந்நூத்தம்பதுன்னுது. நடுவுல உன் சந்தனம் அட கட்டிக்கினு முனைக்கு சூட்ட வுடல. அவ்ளோதான்."

குச்சியைப் பதமாகச் சுரண்டித் துடைத்து, புது முனை போட்டாள். மீட்டரில் முந்நூற்று நாற்பத்தெட்டு. சுகப்பிரியா ஒரு பற்று வைத்தாள். ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடி, மினுக்கென்று உட்கார்ந்தது.

"யாராண்டயும் வாயத் தொறக்காத," என்றாள் சசிரேகா, குரலைத் தாழ்த்தி. "மெஷினப் பிரிச்சன்னு தெரிஞ்சா மெமோதான். இப்ப ரிஜெக்ட் நின்னா, கை செட் ஆயிடிச்சின்னு அவரே உன்ன லிஸ்ட்ல போட்ருவாரு."

"தென்றலு?"

சசிரேகா மீட்டரை உறையில் போட்டாள்.

மத்தியானத்துக்குள் அறுபது போர்டு, ஒரு ரிஜெக்ட் இல்லை. "பாத்தியா, மனசு வெச்சா கை வருதுல்ல!" என்று ஸ்ரீதர் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

கேன்டீனில் தென்றல் தேடிவந்து எதிரே உட்கார்ந்தாள். அட்டை கிழித்த விரல்களில் பிளாஸ்திரி.

"உனக்கு செரியாப் பூடுச்சாமே? எப்டிடி புடிக்கிற? வூட்ல பென்சில வெச்சிக்கினு ராவெல்லாம் பழகினு கீறேன், இன்னா தப்பு பண்றேன்னே தெரியல. எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குட்றி."

சுகப்பிரியா தட்டைத் தள்ளிவைத்து எழுந்தாள். "நீ ஒரு தப்பும் பண்ணலடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே ஸ்ரீதரின் மேஜைக்குப் போனாள்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஸ்ரீதர் முகம் சிவந்தது. "அறிவிருக்கா? எவன் உன்ன மெஷினப் பிரிக்கச் சொன்னான்? மூணு நாளு லைனே நாறிடுச்சு!" என்று கத்திக்கொண்டே மெமோ தாளை எடுத்தார்.

"எனக்கும் ஒரு தாளு எடுங்க சார்." பின்னால் சசிரேகா நின்றிருந்தாள். "மீட்டர் வெச்சிருந்தா திங்கக்கெழம காலைலயே தெரிஞ்சிருக்கும். நான்தான் நாலு நாளும் பெட்டி காட்டுற நம்பரப் பாத்து எழுதி கையெழுத்துப் போட்டேன். அந்தத் தென்றல் பொண்ணு கைய கொற சொன்னோமே, சார்."

ஸ்ரீதர் இன்னொரு தாளையும் எடுத்தார். பிறகு இரண்டு தாளிலும் எழுதினார்.

சனிக்கிழமை லிஸ்டில் தென்றல் பெயர் இருந்தது. சுகப்பிரியாவுக்கு இன்னும் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். ரூமுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்து அழுதாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"ஏ கழுத, நான் மறுநா பொட்ட அழிச்சுத் தொடச்சுட்டுல்லா மாட்டுவேன்! அதப் பாக்கலியாக்கும் நீ?" பிறகு குரல் இறங்கியது. "சொன்னியே, அதுவரைக்கும் நல்லது. மூணு மாசந்தான? தெருவுல நான் சொல்லிக்கிடுதேன்."

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது தென்றல் ஏழாம் நம்பருக்கு வந்தாள். சுகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு இடத்தை விட்டாள்.

"உன்னாலதான்டி நான் அட்டப்பொட்டி மடிச்சேன்," என்றாள் தென்றல். மூக்கு விடைத்திருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தாள். நேற்று குன்றத்தூர் மலைக்குப் போய்வந்த பிரசாதச் சந்தனம். விரலில் தொட்டுச் சுகப்பிரியாவின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"இங்க வெக்கணும். இன்னொரு தபா அந்தக் குச்சில வெச்ச, கைய ஒடச்சிடுவேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். தென்றல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஷிப்ட் தொடங்குமுன் அளக்கச் சொல்லிச் சசிரேகா சீட்டில் வைத்திருந்த மீட்டரை எடுத்து முனையில் வைத்தாள். சுகப்பிரியா நெற்றிச் சந்தனம் கலையாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.