பதினாறு டிகிரிக்குக் கீழே

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தவர் யாரும் குளிரில் உட்கார்ந்துவிட்டுப் போனதில்லை. நாற்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போனாலும், ஆள் வருகிறார் என்று தெரிந்தால் கூடத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்தாக வேண்டும். மற்ற நாட்களில் அவரும் மனைவியும் கம்பளிக்குள் முடங்கிக் கிடப்பார்கள். அது ஊராருக்குத் தெரியத் தேவையில்லை.

தங்கை மகனுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் அவன் கழுத்தறுத்தான்.

எரிபொருள் வாங்க வழியில்லாத வீடுகளுக்கென்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஜன்னல் இடுக்குகளை அடைத்து, சுவரில் மின்சார ஹீட்டர் பொருத்தி, குளிர்காலக் கரண்ட் பில்லில் பாதியையும் ஏற்றுக்கொள்ளும். ஆள் வந்து அளக்கும்போது வீட்டுக்குள் பதினாறு டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி, சூடான அறை இல்லாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்த பிறகே லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டார்.

அளக்க வந்தவன் அதே மருமகன், தங்கை மகன். முன்பு இவரிடமே வேலை பார்த்தவன். லிஃப்ட் கயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டதற்காக, எல்லார் முன்னாலும் இவர் வெளியே துரத்தியவன்.

சொல்லாமல் வர வேண்டும் என்பது விதி. அவனோ முதல் நாளே போன் செய்தான்.

"மாமா, நாளைக்கு வர்றேன். ஆபீசரா இல்ல, உங்க வீட்டுப் பிள்ளையா வர்றேன்."

பழசை மறந்துவிட்டான் என்று மாமாவுக்கு மனம் குளிர்ந்தது. பத்து நாள் எண்ணெய் ஒரே நாளில் எரிந்தது. அவன் கோட்டைக் கழற்றி, இரண்டு முறை டீ குடித்து, சாவகாசமாக வெப்பமானியை எடுத்துப் பார்த்தான். இருபத்திரண்டு.

"என் வீட்டை விட இங்க சூடு மாமா! நீங்க ராஜா!"

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: போதிய வெப்பம் உள்ள வீடு, உதவி தேவையில்லை. அந்தக் குளிர்காலத்தில் மனைவி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாவது முறை மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பத்தொன்பது நாள். உறவுக்காரர்கள் பார்க்க வந்த இடத்தில் மருமகன் சொன்னது லிஃப்ட்காரர் காதில் விழுந்தது: "மாமா மானத்தைக் கொளுத்திக் குளிர் காயுற ஆளு."

மறுநாளே அவர் மேல்முறையீடு எழுதினார்.

மேல்முறையீட்டில் அளந்தவனே திரும்ப வர வேண்டும். கூட மேலதிகாரியும் வருவார். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை அளப்பார்கள். முதல் நாள் மாலை மறுபடி போன் வந்தது. இந்த முறை அத்தைக்கு.

"அத்தை, நாளைக்கு மேடமும் வர்றாங்க. வீட்டைக் கதகதப்பா வைங்க. நம்ம குடும்ப மரியாதை பாருங்க."

"ஒரு பொம்பளை வர்றாங்க. கொஞ்சம் பத்த வைக்கலாங்க," என்றாள் மனைவி.

"அவங்க கோட்டு போட்டுட்டு வருவாங்க. நீ மூணு கம்பளியா போத்திக்க."

மேலதிகாரி அம்மா தடித்த கோட்டோடு வந்தார். மருமகன் மெல்லிய சட்டையில் வந்தான். எரியாத ஹீட்டரைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"என்ன மாமா, ரிப்பேரா?"

"இல்லப்பா. இது எங்க வீடு. தினமும் இப்படித்தான்."

இதைச் சொல்லும்போது லிஃப்ட்காரருக்குக் கூசியது. அன்னியர் ஒருவர் முன்னால் தன் வறுமையை விரித்துக் காட்டியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. ஆனால் மருமகனின் தாடை அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

பத்து டிகிரி. ஒரு மணி நேரம். மறுபடி பத்து. லிஃப்ட்காரர் தானே டீ போட்டு அந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் கொடுத்தார். மூன்றாவது டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார்.

"எனக்கு மாமா?"

"உனக்குப் போன தடவையே ரெண்டு குடுத்தாச்சே."

மூன்றாவது அளவும் பத்துதான். மேலதிகாரி அம்மா பழைய அறிக்கையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்திரண்டுன்னு இருக்கே. இவர் வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஐயா?"

மருமகன் அத்தையைப் பார்த்தான். "என்னங்க, உங்க தங்கச்சி பெத்த பிள்ளை," என்றாள் அவள். அதைச் சொல்வதற்குள் இருமல் வந்து அவளைச் சுருட்டியது. அது அடங்கும்வரை லிஃப்ட்காரர் காத்திருந்தார்.

"தெரியும்மா. அவனே போன்ல சொன்னான். நேத்தும் சொன்னான். எங்க கையெழுத்துப் போடணும்?"

"மாமா, வேலை போயிடும் மாமா!"

"பார்க்காமலே கையெழுத்துப் போடுறவன் நீ. நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலதிகாரி அம்மா எழுதி நீட்டிய வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் மெதுவாகப் படித்தார். நடுங்கியபடி நின்றவனை உட்காரச் சொல்லவில்லை. பிறகு முழுப்பெயரையும் எழுதினார்.

சுவரில் புது ஹீட்டர் வந்த வாரம் தங்கை போனில் அழுதாள்.

"வேலையும் போச்சுண்ணா. வாடகை வீட்டுல எண்ணெய் வாங்கக்கூட வழியில்லாம விறைச்சுக் கிடக்கிறான். உனக்கு மனசே இல்லையா?"

"நல்ல திட்டம் ஒண்ணு இருக்கும்மா," என்றார் அண்ணன். "ஒரு விண்ணப்பம் போடச் சொல்லு. ஆள் வந்து அளப்பாங்க."