அப்பா மூக்கு, இன்னும் கொஞ்சம் அகலம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம். சாட்சி சொல்லச் சொல்லப் போலீசுக்காக ஒருவர் முகம் வரைவாரே, அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார இதழ் எழுதக் கேட்டது. எழுதிக் கொடுத்தேன், அச்சாகிவிட்டது. கட்டுரைக்குள் உட்கார மறுத்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சொன்னது. அதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைக் கோட்டையூர் என்று வைத்துக்கொள்வோம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகள் அங்கே உண்டு. இந்தக் கதைக்கு ஒரு பின்வாசல் வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அந்த மதியம் கோட்டையூர் வெயில் ஒரு"

வேண்டாம். கொலைக் கதையில் வெயிலை வர்ணிக்கிறவன் எதையோ தள்ளிப்போடுகிறான்.

இரண்டாவது தொடக்கம்: "பூட்டிக் கிடந்த வீட்டைக் காவல் காத்த தங்கச்சாமி, உள்முற்றத்தில் அடிபட்டு இறந்து கிடந்ததை முதலில் பார்த்தவர்"

இதுவும் வேண்டாம். அவரைப் பிணமாகப் பார்த்தவர்கள் பலர். கொன்றவனைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் பிள்ளைகள். மூன்றாவதாக அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டிருந்தது. ஒன்பது வயது ஜெரினாவும் பக்கத்து வீட்டு ஆகாஷும் பின்தெரு வழியாக வந்தார்கள். தங்கச்சாமி காவல் காத்த பெரிய வீட்டின் பின்கதவு திறந்து ஒருவன் வெளியே வந்தான். நேராக அடிபம்புக்குப் போனான். ஒரு கையால் அடித்து மறு கையைக் கழுவப் பார்த்தான், முடியவில்லை.

"பாப்பா, கொஞ்சம் அடிச்சு விடுறியா?"

ஜெரினா பையை ஆகாஷிடம் கொடுத்துவிட்டு அடித்தாள். கைப்பிடி அவள் உயரத்துக்கு அதிகம். தொங்கித் தொங்கி அடித்தாள். அவன் கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், "நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வீட்டுக்கு ஓடி, "அம்மா, ஒரு மாமாவுக்குத் தண்ணி அடிச்சு விட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள்.

(இந்தப் பத்தியைப் பலமுறை திருத்தினேன். "நல்லா இருப்பே" என்பதை மட்டும் தொடவில்லை. அவன் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னான்.)

3

படம் வரைந்தவர் சத்தியமூர்த்தி. ஓவிய ஆசிரியர், சிவகங்கைப் பக்கம் போலீசுக்குத் தேவைப்பட்டால் கூப்பிட்டு அனுப்புவார்கள். இப்போது ஓய்வில் இருக்கிறார்.

"பெரியவுகள்ட்ட கேட்டா முகம் நீளமா உருண்டையானு சொல்லுவாக. புள்ளைகள்ட்ட கண்ணு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, 'ரெண்டு இருந்துச்சு'ங்கும்" என்று சிரித்தார். "அதான் 'யாரு சாடை'னு கேக்குறது."

சாடை என்றால் எங்கள் பக்கம் முகஒற்றுமை. குழந்தை பிறந்த வீட்டில் முதல் பேச்சே பாகப்பிரிவினைதான்: கண் அம்மாச்சிக்கு, நெற்றி பெரியப்பாவுக்கு, காது யாருக்கு என்று ஒரு சண்டை. முகம் என்பது சொந்தக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்தது என்று கேட்டே இங்கே பிள்ளைகள் வளர்கின்றன. எனவே அந்தக் கேள்வி அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது.

இருவரையும் தனித்தனியே கேட்டார். ஆகாஷ் சொன்னபடி வரைந்த படம் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரைப் போலவே வந்தது. அவரைப் பணப்பையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருந்ததைப் பஸ்ஸே சாட்சி சொன்னது.

ஆகாஷ் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறான். "நான் அந்தாளு மூஞ்சியவே பாக்கலண்ணே, கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். "போலீஸ் கேக்குது, இல்லைன்னு சொல்ல முடியுமா? அந்த வாரம் அந்தக் கண்டக்டரு என்னைய நடுவழியில எறக்கி விட்டிருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளையையும் அவரு எறக்கி விட்டதில்ல."

4

ஜெரினாவின் பதில்கள் வேறு மாதிரி.

மூக்கு? "எங்க அப்பா மூக்கு. இன்னும் கொஞ்சம் அகலம்."

கண்? "அப்பா கண்ணு. ஆனா கொஞ்சம் சின்னது."

வாய்? "அப்பா மாதிரி, ஆனா அப்பா மாதிரி இல்ல."

வரைந்து முடித்ததும் படத்தைப் பார்த்து, "இது எங்க அப்பா சார், அழிங்க" என்றாளாம். அழித்தார், அகலமாக்கினார், கூடிப்போச்சு என்றாள். மறுபடி அழித்தார். கடைசியில் அவளுக்குப் பசி. வெளியே அம்மா ஆன் மேரி காத்திருந்தார். "ஆமா, இதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

நான் மலைத்து நின்ற இடம் இது. தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே பயங்கரமான முகத்தைச் சொல்ல, தன்னிடம் இருந்ததிலேயே பிரியமான முகத்தை ஒரு குழந்தை எடுத்து நீட்டியிருக்கிறது. வேறு அளவுகோல் அவளிடம் இல்லை. கொலைகாரன் முழுவதும் அந்தக் "கொஞ்ச"த்தில் இருந்தான். பென்சிலில் அகப்பட்டது மிச்சம் மட்டும்.

5

படம் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைகளிலும் ஒட்டப்பட்டது. ஜெரினாவின் அப்பா சகாய ஆண்டனி பள்ளி ஆசிரியர். தினமும் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"என்ன வாத்தியாரே, செவத்துலயும் இருக்கீக, இங்குட்டும் வாரீக!"

முதல் நாள் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கொலை நடந்த மதியம் அவர் ஒக்கூரில் ஒரு துக்க வீட்டில் இருந்தார். அதைச் சொன்னவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். அது அப்பா இல்லை என்று ஜெரினா சொன்னாள். மகள் வேறென்ன சொல்வாள் என்றது ஊர். ஆதாரம் இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து மாற்றக் கேட்டுப் பெற்றோர்கள் வந்தார்கள். அவர் வேலையை விட்டார், தாடி வளர்த்தார். மாதா கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்காரப் பழகினார்.

வழக்கு அப்படியே கிடந்தது.

6

வளர்ந்துவிட்ட ஜெரினாவின் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாவது பிரதியில் அவளைக் காரைக்குடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு வைத்தேன், நாள் முழுவதும் மூக்குகளை அளக்கிறவளாக. அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். அவள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரி பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்து அவளைத் தேடி வந்தார். வேறொரு வழக்கில் பிடிபட்ட ஒருவன், கொலை நடந்த சமயம் கோட்டையூரில் பெயின்ட் வேலைக்கு வந்திருக்கிறான். கையில் இருப்பது அது மட்டும்தான். மதுரைச் சிறையில் அடையாள அணிவகுப்பு: மாஜிஸ்திரேட் முன்னால் வரிசையாகப் பலர் நிற்பார்கள், அவள் பார்த்துக் கைகாட்ட வேண்டும், அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

"போட்டோ காட்டுவீகளா மேடம்?"

"காட்டுனா செல்லாதும்மா. உன் மனசுல இருக்கதுதான்."

அவள் மனதில் என்ன இருந்தது என்பதை என்னிடம் சொன்னாள்: "அந்தாள நெனச்சா அப்பா மூஞ்சிதான் சார் வருது. படத்தப் பாத்துப் பாத்து அது மேல ஒட்டிருச்சு. அடியில என்ன இருந்துச்சுன்னே தெரியல."

"அப்படியானால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமே?"

அதற்கு அவள் சொன்னாள்: "கை காட்டுனா அப்பா சவரம் பண்ணிருவாக சார்."

7

முடிவு அ: அவள் கைகாட்டுகிறாள். அப்பா சவரம் செய்துகொள்கிறார். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுக்கிறார். எங்கோ ஒரு பெயின்டர் வீட்டில் ஒரு மகள்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

முடிவு ஆ: அவள் கைகாட்டவில்லை. அவன்தான் கொன்றவன். வெளியே வருகிறான், தாகம் எடுக்கிறது, தெருவில் ஒரு குழந்தையைப் பார்த்து

(இதையும்.)

8

இந்தப் பகுதியில் எதையும் நான் மாற்றவில்லை.

அணிவகுப்பு அன்று, வெள்ளிக்கிழமை காலை, ஜெரினா குடும்பத்தோடு மதுரை போவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். சகாய ஆண்டனி சலூனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துப் போய், ஒரே முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"யாருங்க நீங்க, யாரு வேணும்?" என்றார் ஆன் மேரி. சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெரினா அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா இது? இன்னும் நான் போகவே இல்லையே."

"இங்குட்டு வா. சன்னல்கிட்ட வா." நாற்காலியை இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தார். "இது என் மூக்கு. இன்னும் கொஞ்சம் அகலம்னு சொன்னியாம்ல. எம்புட்டு?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் அவர் மூக்கின் இருபுறமும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விரல்களை மெல்ல விலக்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இம்புட்டு."

கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். "அவன் கண்ணு உங்களுது இல்லப்பா." சற்றுக் கழித்து, "நெத்தியும் உங்களுது இல்ல." பிறகு, "வாயும்."

அன்று கொடுத்ததை அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி அவர் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சன்னலோரம் நின்ற நான் கையெழுத்துப் பிரதியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எந்த வாக்கியமும் அந்த வேலையைச் செய்ததில்லை.

"எல்லாம் எடுத்தப்பறம் மிச்சம் ஒருத்தன் இருப்பான்ல" என்றார் அவர். "அங்க அவன் நின்னா கை காட்டு. இல்லைன்னா பேசாம வந்துரு. சாடைக்காக ஒருத்தன இழுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்காகன்னு எதும் பண்ணாத. நான்தான் சவரம் பண்ணியாச்சே."

9

சிறை வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் உள்ளே போனாள். எதிர்க்கடையில் அவர் டீ குடித்தார். வெறும் முகத்தோடு, யாரும் திரும்பிப் பார்க்காமல். என் கையில் இருந்த கதை அந்தக் கதவோடு நின்றுவிட்டது. உள்ளே நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். அகலமான மூக்கு, சின்னக் கண் என்பதற்கு மேல் அவன் முகத்தைப் பற்றி நான் எங்குமே சொல்லவில்லை. திரும்பப் படித்துப் பார்க்கலாம். ஆனாலும் அடிபம்பில் அவன் குனிந்தபோதே நீங்கள் அவனுக்கு ஒரு முகம் வைத்துவிட்டீர்கள். அது யாருடைய சாடை? அந்தக் கண், அந்த நெற்றி, யாரிடமிருந்து எடுத்தது?

முதலில் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வரிசையைப் பாருங்கள். ஜெரினா நடந்து வருகிறாள்.