ராகுகாலத்தில் மாற்றிய கயிறு

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் கிரிஷ் எந்த நல்ல காரியத்தையும் தொட மாட்டான். அந்தச் சனிக்கிழமையும் உடைத்தான். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் மன்னியின் படகில் அவன் ஏறியபோது ராகுகாலம் தொடங்க இருந்தது. பிள்ளையார் விக்கினத்தைத்தான் தீர்ப்பார், தாமதத்தை அல்ல.

மன்னி மீரா கல்லூரியில் பௌதிகம் நடத்துபவள். அவளும் கிரிஷின் அண்ணாவும் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. மழை பிடிப்பதற்குள் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், மறுநாள் புறப்பாடு. அதற்குள் பாய்களை ஏற்றும் இரண்டு கயிறுகளையும் மாற்றியாக வேண்டும்.

பெரிய பாயின் கயிறு பாய்மரத்துக்குள்ளே ஏறி, உச்சியில் கப்பியைச் சுற்றி, வெளிப்பக்கமாக இறங்குகிறது. பழைய கயிற்றின் அடிநுனியோடு புதுக்கயிற்றின் நுனியைச் சேர்த்துத் தைத்து, மறுநுனியை இழுத்தால், பழையது புதியதைக் கூட்டிக்கொண்டு போய்விடும். தைப்பதுதான் வேலையே.

மீரா கீழே இயந்திரத்துக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வரட்டும் கிரிஷ், சேர்ந்து தைக்கலாம்" என்றாள்.

ராகுகாலம் காத்திருக்குமா? கிரிஷ் இரண்டு நுனிகளையும் டேப்பால் சுற்றி இழுத்தான். உச்சிக் கப்பியில் டேப் சிக்கிப் பிய்ந்தது. பழைய கயிறு அவன் தோளில் வந்து விழுந்தது, புதியது மரத்துக்குள்ளேயே சரிந்து இறங்கியது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இது சிதறிவிட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மீரா மேலே வந்து பார்த்தாள். திட்டவில்லை. "யாராவது மேலே ஏறித்தான் ஆகணும். நீ கனம். நான் போறேன்."

"முன்பாய்க் கயிறு இருக்கோல்லியோ மன்னி, அதுல ஏத்திடறேன்."

மீரா அந்தக் கயிற்றை விரலால் நெருடினாள். மேலுறை நைந்து உள்ளிழை தெரிந்தது.

"இதுலயா? வேண்டாம். முதல்ல இதை மாத்துவோம்."

"இப்போ ராகுகாலமாக்கும். கழிஞ்சப்புறம் தொடலாமே."

"கழிஞ்சா பழங்கயிறு புதுசாயிடுமோ?"

கிரிஷ் முன்பாய்க்கான புதுக்கயிற்றை எடுத்துக் கொடுத்தான். மீரா சம்மணமிட்டு உட்கார்ந்து, மெழுகு நூலால் பழையதோடு அதை நுனிக்கு நுனி முட்டத் தைத்தாள். ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்று பிடிக்கவில்லை, பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். கடைசியில் அந்த இணைப்பு கயிற்றை விடத் தடிமனாகத் தெரியவில்லை. அவன் இழுக்க, அது உச்சிக் கப்பியைச் சத்தமில்லாமல் தாண்டி வந்தது. இவ்வளவு அழகாக ஒரு வேலை நடந்து அவன் பார்த்ததில்லை.

அதன்பின் புதுக்கயிற்றில் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டாள். தளத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தச் சொல்லி, அதில் தொங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "ம், ஏத்து."

கிரிஷ் மரத்தடியில் கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுற்றினான். கடல் லேசாக அசைந்தால்கூட உச்சி அகலமாக ஆடியது. மன்னி மரத்தைக் கட்டிக்கொள்வதையும், ஆட்டம் நின்றதும் ஒரு கையை மட்டும் விடுவிப்பதையும் பார்த்தான். இந்த வீட்டுக்கு இப்படியொருத்தி வந்தாளே என்று பெருமையாக இருந்தது. கயிற்றை வின்ச்சில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். அவள் கப்பி வழியாக ஈயக்குண்டு கட்டிய மெல்லிய நூலை மரத்துக்குள் விட்டாள். கீழே அடித்துளையில் அவன் கம்பியை வளைத்து அதைப் பிடித்து வெளியே எடுத்தான். இனி பெரிய பாயின் புதுக்கயிற்றை அந்த நூலில் தைத்து இழுத்தால் போதும்.

இறங்கி வந்தவள் பட்டையைக்கூடக் கழற்றவில்லை, மரத்தைக் கட்டிக்கொண்ட கையையும் விடவில்லை. தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னி, உங்களுக்குப் பயமே இல்லைன்னு நினைச்சேன்."

"பயந்துதாண்டா செத்தேன். இல்லேன்னா பழங்கயித்துலயே ஏறியிருப்பேனே."

காலையில் டேப் சுற்றும்போது கிரிஷுக்குக் கொஞ்சம்கூடப் பயம் இருக்கவில்லை.