பதினான்காவது தலை

எங்கள் பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வரும் தீர்மானங்களில் ஒவ்வொரு வரிக்கும் அடித்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவாளர் எண்ணை மட்டும் வாசிப்பார்; எல்லாரும் "சரி" என்பார்கள். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு; பேராசிரியருக்கு இல்லாமல் போகுமா?

அதனால்தான், நான் தலைவியாக இருக்கும் நிலவியல் துறையை மூடும் தீர்மானத்தைப் பதிவாளர் கடைசியில், நாற்பத்தேழாவதாக வைத்திருந்தார். பத்து மாணவர்கள் இல்லாத துறையை மூடலாம் என்பது விதி. எங்களிடம் ஒன்பது பேர். மூடினால் ஒன்பது பேரும் ஆளுக்கொரு திசைக்குப் போக வேண்டியதுதான். பத்தாவது பெண் திங்கட்கிழமை சேர வருகிறாள் என்று பதிவாளரிடம் தலைகீழாய் நின்று சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் குழு பாத்துக்கும்மா" என்றார் மனுஷன்.

நாற்பத்தைந்து, சரி. நாற்பத்தாறு, சரி. நிமிர்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. தேநீர் குடிக்கப் போனவர்கள் அப்படியே நழுவிவிட்டார்கள்.

"சார், ஒரு நிமிஷம். முடிவெடுக்கப் பதினாலு பேராவது இருக்கணுமே. எண்ணிப் பாருங்க."

தலைமை வகித்த துணைவேந்தர் தலையாட்டினார். பதிவாளர் விரல் நீட்டி எண்ணினார். தூங்கிக்கொண்டிருந்த கணக்குத் துறைத் தலைவரையும் விடவில்லை.

"பதிமூணு... உங்களோட சேத்து சரியா பதினாலு. போதும்மா" என்று சிரித்தார்.

என் துறைக்குக் குழி வெட்ட நானே ஆளா? பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்தேன்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார். இப்ப எண்ணுங்க."

வெளியே வந்து கதவோரம் நின்றேன். போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தாலும் கதை கந்தல். உள்ளே பதிவாளர் மறுபடி எண்ணுவது கேட்டது; பதிமூன்றோடு நின்றது. பிறகு துணைவேந்தரின் குரல் கேட்டது.

"வேற வழியில்ல. இத அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்."

அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் பத்தாவது பெண் வகுப்பில் இருப்பாள். அப்பாடா! வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, துறை பொழச்சிருச்சு."

"அட! பதினெட்டு வருஷமா அந்தக் குழுவுல நீ பேசி ஒண்ணும் நடக்கலியே. இன்னைக்கு அப்படி என்னத்தப் பேசின?"

"எங்க பேசினேன்? எழுந்து வந்துட்டேன்" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.